கஸ்டர்டில் முட்டை இல்லை

மலர்க் குழுவினர் போன் செய்து, "உன் தொழில் சம்பந்தமா ஒரு கட்டுரை குடு, நாலு பக்கம் காலியா இருக்கு" என்றார்கள். என் தொழில் குளிர்சாதனக் குழாய்கள். அதைப் பற்றி நாலு பக்கம் எழுதினால் ஐந்தாம் பக்கத்தை யாரும் திருப்ப மாட்டீர்கள். ஆகவே நம் எல்லோருக்கும் பழக்கமான ஒரு வஸ்துவின் சரித்திரத்தை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை இரவு நம் ஹாஸ்டல் மெஸ்ஸில், எவர்சில்வர் கிண்ணத்தில், மேலே ஏடு கட்டி, நாலு துண்டு வாழைப்பழத்தோடு வந்து உட்காருமே, அந்த மஞ்சள் கஸ்டர்டு. இப்போது ஹாஸ்டலில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு அது கிடைப்பதில்லை என்று கேள்விப்பட்டேன். அதற்குக் காரணம் யார் என்பதும் இந்தச் சரித்திரத்தில் வரும்.

நாங்கள் 2005-ல் சேர்ந்து 2009-ல் வெளியேறிய பேட்ச். இரண்டாம் ஆண்டில் நான் மெஸ் கமிட்டியில் இருந்தேன். அரிசி பருப்பெல்லாம் மொத்தக் கடையிலிருந்து வண்டியில் வந்துவிடும். கஸ்டர்டு பவுடர், எசன்ஸ், முந்திரி மாதிரி சில்லறைச் சாமான்களுக்கு மட்டும் மாதம் ஒரு தடவை நான் தி.நகர் போய்வர வேண்டும். ரங்கநாதன் தெருவில் ஜனங்கள் நம்மைத் தூக்கிக்கொண்டு போய் மறுமுனையில் இறக்கிவிடுவார்கள். நடக்கும் சிரமம் கிடையாது.

கஸ்டர்டு தலைக்கு ஒரு கிண்ணம்தான். எனக்கு ஒன்று போதவில்லை. விடுமுறைக்கு மயிலாப்பூரில் பாட்டி வீட்டுக்குப் போனபோது அம்மா கஸ்டர்டு கிண்டினாள். பாட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "மஞ்சளா இருக்கே, முட்டை போட்டிருப்பானோ என்னமோ, எனக்கு வேண்டாம்மா" என்று நகர்ந்துவிட்டார். பாட்டியின் பங்கும் எனக்கு வந்தது. அங்கேதான் மூளை வேலை செய்தது.

அடுத்த ஞாயிறு சைவ மேஜையில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னேன். "டேய், இதுல முட்டை இருக்குடா. கலரைப் பாரு." என் எதிரே இருந்தவன் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரன். வள்ளலார் வழிக் குடும்பம். கரண்டியை வைத்துவிட்டுக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினான். அன்று நான் மூன்று கிண்ணம் சாப்பிட்டேன்.

அடுத்த வாரங்களில் வதந்தி என் கையை விட்டுப் போய்விட்டது. நாலாவது ஞாயிறு பாதி கிண்ணங்கள் அப்படியே திரும்பின. வார்டனுக்கு மனு போயிற்று. சும்மா இருந்தால் சந்தேகம் வருமே என்று நானும் அதில் கையெழுத்துப் போட்டேன். மாஸ்டரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். "பொடி டப்பாலதான் சார் வருது. முட்டைய நான் தொட்டதே இல்ல" என்றார். வார்டன் என் பக்கம் திரும்பி, "நீதானே வாங்கிட்டு வந்தே? டப்பால என்ன போட்டிருக்கு?" என்று கேட்டார். "பாக்கல சார்" என்றேன். பார்த்திருந்தேன்.

மறுவாரத்திலிருந்து ஆளுக்கு ஒரு வாழைப்பழம். மாஸ்டரை இனிப்பிலிருந்து சாம்பார் அண்டாவுக்கு மாற்றிவிட்டார்கள். நான் அங்கிருந்தவரை அவர் இனிப்பு கிண்டி நான் பார்க்கவில்லை.

அந்த டப்பாவில் என்ன இருந்தது என்பதை, சுமார் இருபது வருஷம் தாமதமாக, முறைப்படி சொல்கிறேன்.

இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரில் ஆல்ஃபிரட் பேர்டு என்றொரு மருந்துக்கடைக்காரர் இருந்தார். அவர் மனைவி எலிசபெத்துக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது. அந்த ஊர் கஸ்டர்டோ முட்டை மஞ்சள்கருவைப் பாலில் கலந்து இளஞ்சூட்டில் காய்ச்சுவது. முட்டை இல்லாவிட்டால் அது கெட்டிப்படாது. மனைவிக்காகப் பேர்டு 1837-ல் முட்டைக்குப் பதில் ஸ்டார்ச் மாவைப் போட்டு ஒரு பொடி தயாரித்தார். ஒரு நாள் விருந்தாளிகள் அதைச் சாப்பிட்டுவிட்டு நன்றாயிருக்கிறது என்று சொல்லவே, விற்பனைக்கு வந்தது என்பார்கள். (ஈஸ்டும் அந்த அம்மாளுக்கு ஆகாது. அதற்காக அவர் பேக்கிங் பவுடர் கண்டுபிடித்தது 1843-ல். நம்மில் எத்தனை பேர் வீட்டுக்காரிக்காக இரண்டு கண்டுபிடிப்பு செய்திருக்கிறோம்?)

ஆக, கஸ்டர்டு பவுடர் பிறந்ததே முட்டை சாப்பிட முடியாத ஒருவருக்காகத்தான். இன்று நம் ஊர்க் கடையில் கிடைக்கும் பொடியைப் பிரித்துப் பார்த்தால் கார்ன்ஃப்ளவர், கொஞ்சம் உப்பு, வெனிலா வாசனை, மஞ்சள் நிறம். அவ்வளவுதான். அந்த மஞ்சள் எதற்கு? முட்டைக்கரு போட்டது மாதிரி தெரிய வேண்டும் என்பதற்கு. பர்மிங்ஹாம்காரர்களுக்குப் பசி கிளப்பப் பூசிய சாயம் மயிலாப்பூரில் பாட்டியைச் சமையலறையை விட்டே துரத்தியது. மாஸ்டரைச் சாம்பாருக்கு அனுப்பியதும் அதே சாயம்தான். என் வாய் கூட இருந்து உதவியது.

இன்னொரு சங்கதி. சைவப் பண்டத்துக்குப் பச்சைப் புள்ளி, அசைவத்துக்குப் பழுப்புப் புள்ளி போட வேண்டும் என்பது 2001-லேயே சட்டமாகிவிட்டது. முட்டை கலந்திருந்தால் அப்போது பழுப்புப் புள்ளிதான். பாலுக்கு விலக்கு இருந்தது. எங்கள் மெஸ் ஸ்டோர் ரூமில் இருந்த ஒவ்வொரு டப்பாவிலும் பச்சைப் புள்ளி இருந்தது. மனுவில் கையெழுத்துப் போட்ட ஒருவர்கூட ஸ்டோர் ரூமுக்குள் போய்ப் பார்க்கவில்லை. எதிர்காலப் பொறியாளர்கள்!

இனி கார்ன்ஃப்ளவரின் கதை. மக்காச்சோளத்திலிருந்து ஸ்டார்ச்சை மட்டும் சுத்தமாகப் பிரிக்கும் வழியை 1842-ல் அமெரிக்காவில் தாமஸ் கிங்ஸ்ஃபோர்டு கண்டுபிடித்தார். முதலில் அது துணிக்குக் கஞ்சி போடத்தான் பயன்பட்டது. பிறகுதான் சாப்பிடலாம் என்று தோன்றியது. 1854-ல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லியில் ஜான் போல்சன் தம் முறைக்குப் பேட்டன்ட் வாங்கினார். நம் அம்மாக்கள் 'பிரவுன் அண்ட் போல்சன்' என்று சொல்கிறார்களே, அந்தப் போல்சன். அமெரிக்கக் குடும்பங்களில் 'பழைய பாணி வெனிலா புட்டிங்' என்று உருகுவார்களே, அது இந்த மாவையும் பாலையும் சர்க்கரையையும் அடுப்பில் கிண்டி வெனிலா சேர்ப்பதுதான். சிலர் இரண்டு மஞ்சள்கரு சேர்ப்பார்கள், சிலர் சேர்ப்பதில்லை. நம் ஊரில் புட்டிங் என்றால் கிளப்புகளில் தட்டு நடுவில் நடுங்கிக்கொண்டு வரும் கேரமல் கஸ்டர்டு ஞாபகம் வரும். அது முட்டைச் சமாசாரம், வேறு ஜாதி.

யோசித்துப் பார்த்தால் முட்டையை ஒதுக்கிய பாட்டியே இந்தப் புட்டிங்கை எனக்கு ஊட்டியிருக்கிறார். வயிறு சரியில்லை என்றால் கச்சேரி ரோடு டப்பா செட்டி கடையிலிருந்து ஆரோரூட் மாவு வரும். அதைப் பாலில் கரைத்துச் சர்க்கரை போட்டுக் கிண்டி, ஆறினபின் ஸ்பூனால் தருவார். கூவைக்கிழங்கு ஸ்டார்ச், பால், சர்க்கரை. வெனிலா வாசனை மட்டும்தான் பாக்கி. அதை நாங்கள் கஞ்சி என்றோம், வெள்ளைக்காரன் புட்டிங் என்றான். திருவல்லிக்கேணிப் பக்கம் நோன்புக் காலத்தில் கடல்பாசியைப் பாலில் காய்ச்சி உறையவைத்துத் துண்டு போடுவார்களே, அதுவும் இந்த வம்சத்துக்குத் தூரத்து உறவு.

சென்னையில் புட்டிங்குக்கு அச்சில் வந்த சாட்சியும் உண்டு. மெட்ராஸ் ராணுவத்தில் இருந்த கென்னி-ஹெர்பர்ட் என்ற குதிரைப்படை அதிகாரி 'வைவர்ன்' என்ற புனைபெயரில் நாளிதழில் சமையல் பற்றி எழுதி, அதை மெட்ராஸுக்கு ஏற்ற சமையல் குறிப்புகளாக 1878-ல் புத்தகமாக்கினார். வெளியிட்டவர்கள் மவுண்ட் ரோடு ஹிக்கின்பாதம்ஸ். பின்னால் இனிப்புகளுக்கென்றே தனியாக ஒரு புத்தகமும் போட்டார். சீமையிலிருந்து வரும் டின்களைத் திறந்து கொட்டுவதைச் சமையல் என்று சொல்லாதே, பக்கத்து மார்க்கெட்டில் கிடைப்பதை வைத்து ஒழுங்காகச் செய் என்பது அவர் கட்சி. சமையல்காரரை 'ராமசாமி' என்றே புத்தகம் முழுக்கக் குறிப்பிடுகிறார். அந்த ராமசாமிகள் தங்கள் கட்சியை எழுதி வைத்திருந்தால் அது இதைவிட ருசியான புத்தகமாக இருந்திருக்கும்.

புட்டிங் குளிர வேண்டுமே. இங்கேதான் என் தொழில் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். மெரினாவில் இப்போது விவேகானந்தர் இல்லமாக இருக்கிற ஐஸ் ஹவுஸ், 1842-ல் ஃபிரடரிக் டியூடர் என்ற அமெரிக்க வியாபாரிக்காகக் கட்டப்பட்டது. மாசசூசெட்ஸ் ஏரிகளில் குளிர்காலத்தில் அறுத்த பனிக்கட்டியை மரத்தூளில் புதைத்துக் கப்பலேற்றி இங்கே கொண்டுவந்து விற்றார். இந்த வெயிலில் கரைந்தது போக மிச்சத்திலும் லாபம் பார்த்தார் என்றால் காப்புப் பொருளின் மகிமையை யோசியுங்கள். இங்கேயே ஐஸ் தயாரிக்க ஆரம்பித்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. 1897-ல் விவேகானந்தர் அங்கே தங்கியபோது அது வக்கீல் பிலிகிரி ஐயங்காரின் வீடு. ஐஸ் வாங்க முடிந்தவர் வீட்டில்தான் அந்தக் காலத்தில் குளிர்ந்த புட்டிங். நடுத்தர வர்க்க வீடுகளுக்கு ஃபிரிட்ஜ் வந்த பிறகுதான் கஸ்டர்டு நம் வீடுகளுக்கும், கல்யாண ரிசப்ஷன்களில் ஃப்ரூட் சாலட் தலைமேலும் ஏறியது.

இனி வெனிலா. (ஐஸ்கிரீம் வண்டிகளில் 'வெண்ணிலா' என்று எழுதியிருப்பார்கள். தப்புதான், ஆனால் அழகான தப்பு.) இது மெக்சிகோவிலிருந்து வந்த ஆர்க்கிட் கொடியின் காய். வேறு தேசங்களுக்குக் கொண்டுபோய் நட்டால் கொடி வளர்ந்தது, பூத்தது, காய்க்கவில்லை. பூவுக்குள் ஒரு சவ்வு மகரந்தத்தைத் தடுக்கிறது. ஒரு சின்னக் குச்சியால் அந்தச் சவ்வைத் தூக்கிக் கட்டைவிரலால் அழுத்தினால் போதும் என்று 1841-ல் காட்டியவன் எட்மண்ட் அல்பியஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன். ஊர், இந்தியப் பெருங்கடலில் உள்ள பூர்பொன் தீவு. 1848-ல் அடிமைமுறை ஒழிந்து அவன் விடுதலையானான். ஆனாலும் 1880-ல் ஏழையாகத்தான் செத்தான். அதே 1848-ல் அந்தத் தீவுக்கு மறுபடி வைத்த பெயர், சொன்னால் நம்ப மாட்டீர்கள், ரீயூனியன். கரும்புத் தோட்டங்களில் அடிமைகளின் இடத்துக்குப் புதுச்சேரி, காரைக்கால் பக்கத்திலிருந்து நம் ஜனங்களைத்தான் ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிப் போனார்கள். அவர்கள் வம்சத்தார் இன்றும் அங்கே தீமிதி நடத்துகிறார்கள். ரீயூனியன் மலரில் ரீயூனியனைப் பற்றி எழுத இதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்குக் கிடைக்காது.

1874-ல் டீமான், ஹார்மான் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் பைன் மரச் சாற்றிலுள்ள பொருளிலிருந்து வெனிலின் தயாரித்துவிட்டார்கள். இன்று உலகத்தில் செலவாகும் வெனிலா வாசனையில் காயிலிருந்து வருவது மிகச் சிறு பங்கு. மிச்சம் பெரும்பாலும் பெட்ரோலிய வழி ரசாயனம். நம் மெஸ் கஸ்டர்டும் அதில்தான் மணத்தது. மூலக்கூறு அதேதான், காயில் அதோடு இன்னும் நூற்றுக்கணக்கான வாசனைகள் சேர்ந்திருக்கும்.

2000-ல் மடகாஸ்கரைப் புயல் தாக்கியது. உலக வெனிலாவில் பெரும்பகுதி அங்கேதான் விளைகிறது. விலை ஏறியது. கேரளா, கர்நாடகா, நம் பொள்ளாச்சி என்று எல்லோரும் கொடி நட்டார்கள். 2003 வாக்கில் பச்சைக்காயே கிலோ ஆயிரக்கணக்கில் போயிற்று. மடகாஸ்கர் எழுந்து நின்றதும் 2004, 2005-ல் விலை தலைகுப்புற விழுந்தது. வாங்க ஆளில்லை. எதிர் மேஜைக்காரனின் அப்பா தென்னைக்கு நடுவே வெனிலா போட்டவர். கடன் வாங்கிப் போட்டவர். அவன் நம் கல்லூரியில் சேர்ந்த வருஷம்தான் அந்த விழுந்த வருஷம். வெனிலா விவசாயியின் மகன், வெனிலா புட்டிங் கிண்ணத்தை என் பக்கம் தள்ளியிருக்கிறான். இதெல்லாம் எனக்குத் தெரிந்தது போன வருஷம், மறுபடி அவனோடு பேச ஆரம்பித்த பிறகுதான்.

போனில் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "எத்தன கிண்ணம்டா தின்ன?" என்றான். "உன்னுது மூணு நாலு இருக்கும்." "மூணுன்னு வெச்சுக்கலாம். தோட்டத்துல நாலு கொடி இன்னும் இருக்கு, அப்பா காலைல போய் ஒவ்வொரு பூவா தொட்டுட்டு வருவார். காய் நான் அனுப்பறேன். மத்த செலவு உன்னுது. எனக்கு மூணு கிண்ணம் வரணும்." ஒரு வாரத்தில் பட்டர் பேப்பரில் சுற்றி ஆறு காய் வந்தது. பூ ஒரே நாள்தான் விரிந்திருக்கும்; காய் முற்ற எட்டொன்பது மாசம்; அப்புறம் பதப்படுத்த மாசக்கணக்கு. ஐந்தாறு கிலோ பச்சைக்காய் சேர்ந்தால் ஒரு கிலோ காய்ந்த காய். அடையாறு ஃபிளாட் மூன்று நாள் மணத்தது.

பொடியில்லாமல் முதலிலிருந்து செய்வது என்று முடிவு. முதல் முறை, கடையில் 'கார்ன்ஃப்ளவர்' என்று கேட்டு அவசரத்தில் மஞ்சள் மக்காச்சோள மாவை வாங்கி வந்துவிட்டேன். உப்புத்தாள் மாதிரி இருந்தது. ஸ்டார்ச் வெள்ளை வெளேரென்று இருக்கும், விரலில் தேய்த்தால் கறுக் கறுக்கென்னும். இரண்டாம் முறை சூடான பாலில் மாவைக் கொட்டினேன். வெளிப்பக்கம் உடனே வெந்து தோல் கட்டி, உள்ளே காய்ந்த மாவோடு கோலிக்குண்டுகள். மூன்றாம் முறை வந்தது. கணக்கு இது: ஆரஞ்சு பாக்கெட் பால், அதாவது 6 சதவீதக் கொழுப்பு, அரை லிட்டர். சர்க்கரை 75 கிராம். கார்ன்ஃப்ளவர் 33 கிராம், தலை தட்டிய நாலு மேஜைக்கரண்டி. ஒரு சிட்டிகை உப்பு, நெல்லிக்காய் அளவு வெண்ணெய், பாதி வெனிலாக் காய்.

மாவைக் கொஞ்சம் குளிர்ந்த பாலில் கட்டியில்லாமல் கரைத்து வைக்க வேண்டும். மீதிப் பாலில் சர்க்கரை, உப்பு, கீறிச் சுரண்டிய வெனிலா விதை, தோல் எல்லாம் போட்டுக் காய்ச்சி, ஆவி வந்ததும் கரைசலை ஊற்றிக் கைவிடாமல் கிண்ட வேண்டும். மாவு மணிகள் 60 டிகிரிக்கு மேல்தான் தண்ணீரை உறிஞ்சி வீங்க ஆரம்பிக்கும்; முழுதாகக் கெட்டிப்பட 95-ஐ நெருங்க வேண்டும். கொப்புளம் ஒன்றிரண்டு வெடித்த பின் ஒரு நிமிஷம், அவ்வளவுதான். அதற்குமேல் ஆவேசமாகக் கிண்டினால் வீங்கிய மணிகள் உடைந்து நீர்த்துவிடும். இறக்கி, தோலை எடுத்துவிட்டு, வெண்ணெய் சேர்த்துக் கிண்ணங்களில் ஊற்றி, ஏடு பிடிக்காதவர்கள் மேலே பட்டர் பேப்பர் ஒட்டி, ஃபிரிட்ஜில் மூன்று மணி நேரம். நிறம் வெள்ளை, அதில் கடுகைவிடச் சின்னக் கறுப்புப் புள்ளிகள். மஞ்சள் துளிகூடக் கிடையாது. பாட்டி இருந்திருந்தால் சாப்பிட்டிருப்பார்.

இரண்டு கிண்ணத்தை டப்பாவில் எடுத்துக்கொண்டு மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். ஓய்வு பெற்று மகள் வீட்டில் இருக்கிறார். உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன், உட்கார்ந்தால் தைரியம் போய்விடும் என்று. மனுவையும் சொன்னேன், வார்டனிடம் சொன்ன பொய்யையும் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அன்னைக்கே ஒரு டப்பாவ வீட்டுக்குக் கொண்டாந்து எம்பொண்ணப் படிக்கச் சொன்னேன் தம்பி. முட்டை இல்லப்பான்னு சொல்லிட்டா. பச்சைப் பொட்டையும் காமிச்சா. அத எடுத்துக்கிட்டு யார்கிட்ட போய்ச் சொல்றது? நாப்பது பேரு கையெழுத்து இருக்குன்றாங்க."

அதன்பின் இரண்டு பேரும் பேசவில்லை. அவர் கிண்ணத்தை எடுத்து ஒரு வாய் போட்டார். இன்னொரு வாய் போட்டார். "வாசனை நல்லாருக்கு. சக்கரை ஜாஸ்தி. கடைசில தீ பத்தல, மாவு லேசா பச்சையா நிக்குது பாரு" என்றார். நின்றது.

ரீயூனியன் அன்று காலை பத்து மணிக்கு மாஸ்டர் மெஸ்ஸுக்கு வருகிறார். குழுவினரிடம் அனுமதி வாங்கியாயிற்று. இருநூறு கிண்ணத்துக்கு இருபது லிட்டர் பால், 1.3 கிலோ கார்ன்ஃப்ளவர், சர்க்கரை மூன்று கிலோ என்று கணக்குப் போட்டிருந்தேன். அவர் சர்க்கரையை அடித்து இரண்டரை என்று எழுதிவிட்டார். அத்தனை கிண்ணத்தையும் மாலைக்குள் குளிர வைப்பது என் பொறுப்பு. கிண்டக் கை வலுவுள்ள மாணவர்கள் நாலு பேர் வேண்டும். 2005-09 பேட்ச் சைவ மேஜைக்காரர்கள் வரிசையில் முன்னால் நிற்கலாம். பொள்ளாச்சிக்காரனுக்கு மூன்று கிண்ணம் தனியாக எடுத்து வைத்திருக்கும், யாரும் கை வைக்க வேண்டாம்.